மூன்றாம் நாள் சொன்னது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நர்ஸ் வேலைக்கு அது உதவும் என்றே பல வருடம் நம்பியிருந்தேன். ஊசி என்றதும் கையை இழுத்துக்கொள்ளும் ஆண்பிள்ளைகளை ஒரு கிண்டலில் சிரிக்கவைத்து, சிரிப்பு அடங்குவதற்குள் ஊசியைப் போட்டு முடித்துவிடுவேன். தமிழில் ஒரு கிண்டல், இந்தியில் ஒரு கிண்டல், பெங்காலி அம்மாக்களுக்கு அரைகுறை வங்காளத்தில் ஒரு கிண்டல். நடு அந்தமானில், டிரங்க் ரோட்டை ஒட்டி இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லாவிட்டாலும் எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அது வேறு விஷயம்.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. ஊசி மருந்தை இத்தனை மில்லிகிராம் என்று எழுதமாட்டோம். 'ஒரு குப்பி, காலை, மாலை' என்றுதான் எழுதுவோம். வருகிற டாக்டர்களும் ஒரு மாதத்தில் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிடுவார்கள். காரணம் இருந்தது. மருந்து மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். வந்தால் எப்போதும் அதே பெட்டி, குப்பிக்குள் அதே அளவு. வேறு அளவில் ஒரு குப்பி உண்டு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் கப்பல் தாமதமாகி, மருந்து தீர்ந்து, ஒருவழியாக வந்துசேர்ந்தபோது பெட்டி மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. வந்ததே பெரிது என்று பிரித்து அலமாரியில் அடுக்கினோம். அடுக்கியவர்களில் நானும் ஒருத்தி. பெட்டியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கவில்லை.

அந்த வாரம்தான் அவர் எங்கள் வார்டில் சேர்ந்தார். வண்டிகளை ஏற்றிக்கொண்டு கடல் கால்வாயைக் கடக்கும் போட்டில் இன்ஜின் டிரைவர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான ஆள். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து நிக்கோபார் பக்கம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவர் வேலை தேடி வடக்கே ஏறி வந்து, ரங்கத் பக்கம் பெண்ணெடுத்து, இங்கேயே தங்கிவிட்டார். போட்டின் இரும்புச் சங்கிலி காலில் விழுந்து புண்ணாகிச் சீழ் பிடித்திருந்தது. டாக்டர் ஆன்டிபயாடிக் ஊசி எழுதினார். ஒரு குப்பி, காலை, மாலை.

இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. மூடியைத் திறக்காமலே, சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று கூடவே இருந்த அவருடைய மனைவி பெருமையாகச் சொல்லுவார். "வீட்டுல நான் கூப்பிட்டா மட்டும் இவருக்குக் கேக்காது" என்று அதோடு ஒரு குத்தலும் சேர்ந்து வரும்.

மூன்றாம் நாள் காலை ஊசி போடப் போனேன்.

"சிஸ்டர், காதுல விசில் மாதிரி ஒரு சத்தம். நேத்துலருந்து விடமாட்டேங்குது" என்றார்.

"மூணு நாளா போட்ட விட்டுப் பிரிஞ்சிருக்கீங்கல்ல அண்ணே, இன்ஜின் உங்களக் கூப்பிடுது" என்றேன்.

வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் ஊசியைப் போட்டுவிட்டேன். அவர் சொன்னதை எழுதிவைக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அந்த மருந்து அளவு மீறினால் காதைக் கெடுக்கும் என்பது நான் படிக்கும்போதே சொல்லிக்கொடுத்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

எட்டாம் நாள் மதியம் டிரஸ்ஸிங் தட்டு என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எவர்சில்வர் தட்டு, சிமென்ட் தரை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். தட்டுக்கும் அவருக்கும் நாலடி தூரம்கூட இருக்காது.

நான் தட்டை எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

அந்த ஊசியை எழுதியவர் அப்போது எங்களுக்கு இருந்த டாக்டரம்மா. மெயின்லேண்டிலிருந்து வந்தவர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், இந்தி மட்டும்தான் பேசுவார். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்தார், பிறகு நேரே மருந்து அலமாரிக்குப் போய்ப் பெட்டியை எடுத்தார், பக்கவாட்டில் படித்தார். பழைய குப்பியில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. எட்டு நாள், வேளைக்கு வேளை, இரண்டு மடங்கு. முதல் நாளிலேயே பார்த்திருக்கவேண்டியது தன் வேலை என்று அந்த இடத்திலேயே சொன்னார். அவருடைய கையெழுத்தும் அந்த 'ஒரு குப்பி'க்குக் கீழே இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்பதற்கும் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரெஃபர். தீவில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பலம் வேறு எங்கேயும் இருக்காது. 'மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை' என்று எழுதி, நோயாளியைப் பஸ்ஸிலோ கப்பலிலோ போர்ட் பிளேருக்கு ஏற்றிவிட்டால், தப்பும் அவரோடு ஏறிப் போய்விடும். அங்கே போனபிறகு எங்கே, எப்போது, யாரால் என்று யார் தேடப்போகிறார்கள்? நானே எத்தனையோ பேரை ஏற்றிவிட்டுக் கையாட்டியிருக்கிறேன். அன்றும் மூத்த ஊழியர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நாளைக் காலைல பஸ் இருக்கு. புண்ணோட விஷம் காதுக்கு ஏறிடுச்சுன்னு சொல்லி அனுப்பிடலாம்."

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, பிடித்துத்தான் இருந்தது.

டாக்டரம்மா, காது டெஸ்டுக்குக் கட்டாயம் அனுப்பத்தான் வேண்டும், ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டுதான் அவர் பஸ் ஏறவேண்டும் என்றார். சொல்லிவிட்டு நேரே அவருடைய கட்டிலுக்குப் போனார்.

அங்கேதான் நாங்கள் யாரும் எதிர்பார்க்காத சிக்கல். தப்பை ஒப்புக்கொள்வது என்றால் ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்வது என்றுதான் மனதில் இருக்கும். காது கேட்காத மனிதரிடம் எப்படிக் குரலைத் தாழ்த்துவது?

"ஹம்ஸே கல்தி ஹுயி ஹை" என்றார் டாக்டரம்மா. எங்களால் தப்பு நடந்துவிட்டது.

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "க்யா?" என்றார். என்ன?

டாக்டரம்மா இன்னும் சத்தமாகச் சொன்னார். அவர் மறுபடியும் "க்யா?" என்றார். மூன்றாவது தடவை டாக்டரம்மா கத்தின கத்தலில் வெளியே சீட்டு வாங்க வரிசையில் நின்றவர்கள் வாசலில் வந்து எட்டிப்பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கேட்கவேண்டிய ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கேட்டுவிட்டது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. டாக்டரம்மாவின் முகம் சிவந்திருந்தது, ஆனால் அவர் நகரவில்லை.

அவருடைய மனைவிதான் வழி சொன்னார். "எழுதிக் குடுங்க. தமிழ் ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் படிச்சவரு. தமிழ் நல்லா வாசிப்பாரு."

எழுதிக்கொடுப்பதா! வாயால் சொன்னதைப் பிறகு இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதிக்கொடுத்தால் அது காகிதம், பத்திரம், நாளைக்குக் கேஸ். அந்த மூத்த ஊழியர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். டாக்டரம்மா சட்டென்று என் பக்கம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. எழுதவேண்டியது நான்தான்.

அவர் இந்தியில் சொல்லச்சொல்ல, பெரிய பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் திருப்பி இந்தியில் சொல்லச் சொன்னார். 'மருந்து கூடிப்போயிற்று' என்று நான் நைசாக எழுதிய வரிக்கு, "தானாகவா கூடியது?" என்று கேட்டார். அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். கடைசியில் அந்தத் தாளில் இவ்வளவு இருந்தது:

'உங்களுக்குப் போட்ட மருந்து இந்தத் தடவை இரண்டு மடங்கு பலத்தில் வந்திருந்தது. நாங்கள் பெட்டியைப் படிக்காமல் பழைய மாதிரியே ஒரு குப்பி போட்டோம். எட்டு நாள் இரண்டு மடங்கு கொடுத்தோம். அதனால்தான் உங்கள் காது கேட்கவில்லை. உங்கள் மேல் தப்பில்லை. தப்பு எங்களுடையது. காது திரும்ப வருமா என்று எங்களுக்குத் தெரியாது. நாளைக்கு டெஸ்டுக்கு அனுப்புகிறோம். என்ன கேட்டாலும் பதில் சொல்வோம்.'

கீழே டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். மனைவி தோளுக்கு மேலிருந்து எட்டி வாசித்தார். அந்த அக்கா வாசித்து முடித்ததும் எங்களைத் திட்டினார் பாருங்கள், இந்தியிலும் தமிழிலும், அந்தத் திட்டு இன்னும் எனக்கு மனப்பாடம். "மிஷினு சத்தம் கேட்டுச் சோறு திங்கிற மனுசன்யா இவரு! இனிமே எத வச்சுப் பொழைப்பாரு?" டாக்டரம்மாவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் தலையைக் குனியாமல் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

இவரோ இரண்டாம் தடவை வாசித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று மட்டும் தெரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, தன் குரல் எவ்வளவு உயரம் என்று தெரியாமல், வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"மூணாம் நாளு சொன்னேன் தானே, சிஸ்டர்? காதுல விசில் அடிக்குதுன்னு. அது இதுல இல்லையே?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவருக்கு அது தெரியாது. நான் சொன்னதே இல்லை. பெட்டியைப் படிக்காதது எல்லோருடைய தப்பு. அதில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளலாம். இது முழுக்க முழுக்க என்னுடையது. அன்றைக்கே எழுதிவைத்திருந்தால் ஐந்து நாள் ஊசி மிச்சம்.

தாளைத் திரும்ப வாங்கி, கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'மூன்றாம் நாளே நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். நான் கிண்டல் செய்தேன். எழுதவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை.' எழுதும்போது கண்ணீர் விழுந்து ஒரு எழுத்து கலைந்தது. அதையும் சரியாகத் திரும்ப எழுதினேன்.

அவர் வாசித்தார். தலையை ஆட்டினார். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கும் தைரியத்தில் இல்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு டாக்டரம்மா பக்கம் திரும்பி, அதே பெரிய குரலில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஔர் கிஸ் கிஸ்கோ தே ரஹே ஹோ?" இன்னும் யார் யாருக்குக் கொடுக்கிறீர்கள்?

நாங்கள் நாலைந்து பேர், படித்தவர்கள், வெள்ளை உடுப்புப் போட்டவர்கள், அந்த ஒரு மணி நேரமாக என்ன யோசித்துக்கொண்டிருந்தோம்? எப்படிச் சொல்வது, என்ன எழுதுவது, என்ன ஆகும். எங்களைப் பற்றி மட்டும்தான். காது போன மனிதர், போனது தெரிந்து அரைநாள்கூட ஆகாத மனிதர், அடுத்த கட்டிலைப் பற்றிக் கேட்டார். இன்ஜினில் ஒரு இடம் போனால் அடுத்த இடத்தைப் பார்க்கிற பழக்கமா, மனதே அப்படியா, எனக்கு இன்றுவரை தெரியாது.

டாக்டரம்மா பெண்கள் வார்டுக்கு ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது, எடுக்க நிற்கவில்லை. அங்கே ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற பெங்காலிப் பெண் ஒருத்தி, தையல் பழுத்ததால் அதே ஊசி, இரண்டாம் நாள். மாலை வேளைக்கு மருந்தை உறிஞ்சித் தட்டில் தயாராக வைத்திருந்தார்கள். டாக்டரம்மா தட்டோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் காதில் ஒன்றும் ஆகவில்லை. அவளிடமும் அன்றைக்கே உட்கார்ந்து சொன்னோம். மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகை அவளுக்குக் கேட்கிறது என்பதையே நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவரும் மனைவியும் மட்டும் போகவில்லை. டாக்டரம்மா லீவு போட்டுவிட்டுக் கூடவே ஏறினார். எங்கள் ரோட்டில் காட்டுக்குள் போகும் பகுதியில் வண்டிகள் போலீஸ் காவலோடு ஒரே வரிசையில், கான்வாயாகத்தான் போகவேண்டும், நடுவில் யாரும் இறங்க முடியாது. அத்தனை மணி நேரம் அந்த அக்காவின் கேள்விக்கும் கோபத்துக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே பதில் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். பாராடாங் தீவைத் தாண்டியபிறகுதான் அக்கா தன் டப்பாவிலிருந்து இட்லி எடுத்து ஒன்றை அவருக்கு நீட்டினாராம்.

எனக்கு மெமோ வந்தது. உள்ளதை எழுதிக் கொடுத்தேன். அவருக்கு இடது காது திரும்பவே இல்லை. வலது காதில், பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ கேட்கும். இன்ஜின் ரூமிலிருந்து, கரையில் போட் கட்டும் ஜெட்டி வேலைக்கு மாற்றினார்கள். ஆனால் போட் புறப்படுவதற்கு முன்னால் ஏறி, கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். இரண்டு தடவை கோளாறைக் கையாலேயே கண்டுபிடித்துச் சொன்னார் என்று போட்காரர்கள் சொல்கிறார்கள். நானே ஒருமுறை அவர் அப்படி நிற்பதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கும்பிடத் தோன்றியது.

எங்கள் வார்டில் இப்போது யாரும் 'ஒரு குப்பி' என்று எழுதுவதில்லை. அந்த ஊசி போடும் ஒவ்வொருவரிடமும் தினம் காலையில் காதில் சத்தம் கேட்கிறதா என்று கேட்டு, பதிலை அப்படியே எழுதுகிறோம். கிண்டலை நான் விடவில்லை. பதிலை எழுதியபிறகு செய்கிறேன்.

டாக்டரம்மா தன் காலம் முடிந்து மெயின்லேண்டுக்குத் திரும்புவதற்கு முன்னால், போர்ட் பிளேரில் நர்ஸ்களுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். தப்பு நடந்தபிறகு நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் விஷயம். தீவுதீவாக ஆட்கள் வந்திருந்தார்கள். முதலில் ஒருவர் ஸ்கிரீனில் ஸ்லைடு போட்டுப் பேசினார். ஒவ்வொரு ஸ்லைடிலும் யாராவது யாரோடாவது கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் வந்தது. பிறகு டாக்டரம்மா நம் இன்ஜின் டிரைவரை மேடைக்குக் கூப்பிட்டார். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே அந்தத் தாள்.

அதை நான்தான் வாசிக்கவேண்டும் என்று ஏற்பாடு. தமிழில் ஒரு வரி, இந்தியில் ஒரு வரி என்று வாசித்தேன். அவர் பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து வரைக்கும் வந்தேன். எதிரே நூறு பேர், தெரிந்தவர்கள், மேலதிகாரிகள். தாளை மடித்துவிட்டேன். கை தட்ட ஆரம்பித்தார்கள்.

அவர் கை தட்டல் முடியும்வரை காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மூணாம் நாளு உள்ளதயும் படிச்சாச்சா, சிஸ்டர்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அவருக்குத் தெரியவே போவதில்லை. ஒரு நொடி என் கழுத்து அதற்குத் தயாரானதை நான் உணர்ந்தேன். இத்தனைக்குப் பிறகும், அதே மனிதரிடம்!

இல்லை என்று தலையை ஆட்டினேன். தாளைப் பிரித்தேன். மைக்கை விட்டுவிட்டு, அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் போய் நின்று, அவருக்கே கேட்கும்படி கத்தி வாசித்தேன். நான் கிண்டல் செய்தேன். எழுதவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. இந்தியிலும் கத்தினேன். யாரும் கை தட்டவில்லை.

பின்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள். தெற்கே, கப்பல் எப்போதாவது போகும் ஒரு தீவில் நர்ஸாம். இந்தியில் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள்.

"என்னவாம் அந்தப் புள்ளைக்கு?" என்று அவர் என்னைக் கேட்டார்.

பேனாவை எடுத்து, அந்தத் தாளின் பின்பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்: 'போன மாதம் ஒருவருக்கு மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டாளாம். அவர் வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.'

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து வாசித்தார். மேடையிலிருந்து அவளைப் பார்த்து, அந்த ஹால் முழுக்க எதிரொலிக்கும் குரலில் இந்தியில் கேட்டார், அவள் தீவுக்குத் திரும்பிப் போக அடுத்த கப்பல் எப்போது என்று.

அவள் வியாழக்கிழமை என்றாள். நான் அதையும் எழுதிக் காட்டினேன்.

"அப்ப நாலு நாளு இருக்குது" என்றார் என்னிடம். "இப்பவே எழுதச் சொல்லுங்க. எதையும் விட்டுறாம எழுதச் சொல்லுங்க."

நான் என் பேனாவோடு மேடையிலிருந்து இறங்கி அவளிடம் நடந்தேன்.